கரண்டு மாப்பிள்ளையும் கேஸ் மாப்பிள்ளையும்

கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய பாத்திரக் கடையின் மாடியில், இரண்டு அடுப்புகளுக்கு நடுவே நின்று சுப்புராயன் வியர்த்துக்கொண்டிருந்தார். வலது கைப்பக்கம் கரண்டில் சூடாகும் பார்பிக்யூ அடுப்பு. இடது கைப்பக்கம் கேஸில் எரியும் பார்பிக்யூ அடுப்பு. இரண்டிலும் கோழி வேகும். இரண்டுக்கும் கேரண்டி உண்டு. இரண்டின் பெருமையையும் தொண்டை வறளச் சொல்லி முடித்த விற்பனைக்காரர், இனி உங்கள் பாடு என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருப்பார்கள். சுப்புராயனால் அது முடியாது. கரண்டு அடுப்பைத் தொட்டால் பெரிய மாப்பிள்ளை சிரிப்பார், சின்ன மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். கேஸ் அடுப்பைத் தொட்டால் சின்னவர் சிரிப்பார், பெரியவர் தூக்கிக்கொள்வார். மாப்பிள்ளை தூக்கிய மூஞ்சியை இறக்கி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெண்ணைக் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டுப் பிழைக்கிற சுப்புராயனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஆண்டாளைச் சின்னசேலத்தில் கொளஞ்சியப்பனுக்குக் கொடுத்திருந்தார். கொளஞ்சியப்பன் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். இளையவள் செவ்வந்தியைக் கள்ளக்குறிச்சியில் தங்கதுரைக்குக் கொடுத்திருந்தார். தங்கதுரை கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவர். கல்யாணம் பேசும்போது இந்த இரண்டு தொழிலும் ஒருநாள் தன் தலையிலேயே வந்து மோதும் என்று சுப்புராயன் கனவிலும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வயரிங்கும் ஆச்சு, சிலிண்டரும் ஆச்சு என்றுதான் சந்தோஷப்பட்டார்.

வினை தீபாவளிப் பந்தியில் ஆரம்பித்தது. தங்கதுரை செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒருவன் கம்பியில் கோழியைக் கோத்து, எண்ணெய் தடவித் தடவித் திருப்பிக்கொண்டிருந்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கறி விருந்து நடக்கிற கரிநாளைக்கு நம் வீட்டிலும் இப்படிச் செய்யலாம், ஒரு கேஸ் பார்பிக்யூ வாங்கினால் போதும் என்றார் தங்கதுரை. கொளஞ்சியப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, கேஸ் என்றால் ஆபத்து, கரண்டு அடுப்புதான் நல்லது என்றார்.

"அப்ப நான் தெனமும் ஊர் ஊரா ஆபத்தையா எறக்கிக்கினு வரேன்?" என்றார் தங்கதுரை.

"நான் அப்டி சொல்லலியே. கரண்டுன்னா சுச்சு போட்டா முடிஞ்சிது."

"கரண்டு போச்சின்னா?"

"என் வயரிங்ல கரண்டு போவாது."

இரண்டு இலைகளும் ஒரே நேரத்தில் மடிந்தன. பாயசம் பரிமாற வந்த சுப்புராயன் மனைவி தங்கமணி கரண்டியோடு அப்படியே நின்றாள். வாசலில் பைக்கை உதைக்கும்போது பெரியவர் சொன்னார், கரண்டு அடுப்பு இருந்தால் கரிநாளைக்கு வருகிறேன் மாமா என்று. சின்னவரும் அதையே சொன்னார், கரண்டுக்குப் பதில் கேஸ். ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு பேரும் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சுப்புராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் திருநாவலூரில் ஓர் அக்கா உண்டு. முன்னொரு கரிநாளில் அந்த அக்கா புருஷனுடைய இலையில் ஈரல் வைக்க மறந்துபோனார்கள். அவ்வளவுதான். மனுஷன் எழுந்து கை கழுவி, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் அக்கா பிறந்த வீட்டு வாசலை மிதித்தது அம்மா செத்த அன்றைக்குத்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததை சுப்புராயன் பார்த்திருக்கிறார். கட்டைவிரல் அளவு ஈரலுக்கே அந்தக் கதி என்றால், ஆளுயர அடுப்புக்கு என்ன கதியோ என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்டாளும் செவ்வந்தியும் கரிநாளைக்கு ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்காகத்தான் பொங்கல் நெருங்கியதும் கடைக்கு வந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, சுப்புராயன் லேசில் கடைப்படி ஏறுகிற ஆள் இல்லை. தங்கமணி மிக்ஸி கேட்டாலும் சரி, கூரைக்கு ஓடு மாற்றச் சொன்னாலும் சரி, "கரும்பு வெட்டட்டும், பாக்கலாம்" என்பார். கரும்பு வருஷா வருஷம் வெட்டத்தான் செய்தார்கள். அவர் பார்க்கத்தான் இல்லை. ஆனால் மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனுஷன் கிளம்பிவிடுவார்.

"இன்னா பண்றது தங்கமணி?" என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் கேட்டார்.

"மூத்தவரு மூத்தவருதாங்க" என்றாள் தங்கமணி.

அதில் ஒரு நியாயம் இருந்தது. சின்னவர் கேட்டாலும் முறைப்படி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சுப்புராயன் துணிந்து கரண்டு அடுப்பைத் தொட்டார். கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே டவர் கிடைக்கவில்லை என்று தங்கமணி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டு வந்தாள்.

பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே செவ்வந்தி போன் பண்ணிவிட்டாள். குரலில் அழுகை.

"கரண்டு அடுப்பா வாங்குனீங்கப்பா? கட்டி வெச்ச துணிப்பையப் பிரிச்சி பீரோல திரும்ப அடுக்கிக்கினு இருக்காருப்பா. கரிநாளைக்கு வரமாட்டாராம்."

இன்னும் டிக்கெட் கூட எடுக்கவில்லை, அதற்குள் சேதி எப்படிப் போனது என்று சுப்புராயனுக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் சேதிக்குக் கால் முளைப்பதில்லை, நேராக பைக்கே முளைத்துவிடுகிறது என்று நொந்துகொண்டு கடைக்குத் திரும்பினார். விற்பனைக்காரரிடம் அசடு வழிந்து, பெட்டியைக் கொடுத்துவிட்டு கேஸ் அடுப்பை வாங்கிக்கொண்டார். சின்னப் பெண் அழுதால் மனசு தாங்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைப்படி இறங்கவில்லை, ஆண்டாள் போனில் வந்தாள்.

"எப்பா, அவரு மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி ஒக்காந்துக்கினு எறங்கவே மாட்டேன்றாரு. கேஸு வாங்கிட்டீங்களாமே?"

"தொட்டி மேலயா? இன்னாத்துக்கும்மா?"

"அதான் சொல்றேனே, கோவம்."

தண்ணீர்த் தொட்டி மேல் கோபமாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை நினைத்துப் பார்த்ததும் சுப்புராயன் பெட்டியைக் கீழே வைத்தார். கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கமணி முந்தானையால் அவருக்கு விசிறிவிட்டாள். பிறகு ரொம்ப யோசித்துப் பேசுகிறவள் போல மெல்லச் சொன்னாள்.

"ரெண்டையும் வாங்கிட்டா இன்னாங்க?"

கேட்டவுடன் அவருக்குப் பகீரென்றது. ஆனால் வேறு வழி? அக்கா முகம் கண் முன்னால் வந்து நின்றது. எழுந்தார், மூன்றாம் முறையாக மாடி ஏறினார். விற்பனைக்காரருக்கு வாயெல்லாம் பல். இந்த மாதிரி ஒரு குடும்பம் தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லி, இரண்டு பெட்டிக்கும் கயிறு கட்டி, ஒரு காலண்டரும் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் இரண்டு பெட்டிகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து வர, சுப்புராயனும் தங்கமணியும் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தார்கள்.

பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மாப்பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

அடுப்பு இரண்டும் வீட்டு முற்றத்தில் இறங்கியதும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. எதை வலது பக்கம் வைப்பது? வலது பக்கம் மரியாதை. பெரியவருக்கு வலது பக்கம் என்றால் சின்னவர் பார்ப்பார். சுப்புராயன் நூல் பிடித்து, வாசல்படியிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து வைத்தார். வெளியிலிருந்து வந்தால் ஒன்று வலது, உள்ளேயிருந்து வந்தால் இன்னொன்று வலது என்று ஒரு கணக்கும் சொன்னார். தங்கமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அவளுக்கும் மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டுப் பொங்கல் அன்று, மாடுகளுக்குப் படைத்து முடித்ததும், எதற்கும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கரண்டு அடுப்பின் ஒயரை எடுத்துச் சுவரில் சொருகி சுவிட்சைத் தட்டினார். பட்டென்று ஒரு சத்தம். வீட்டில் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, டிவியில் பட்டிமன்றம் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் காணாமல் போனார். ஃபியூஸ் கட்டை கருகிப் புகைந்தது.

கரண்டு போனது பெரிய விஷயமில்லை. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது யார் என்பதுதான் விஷயம். கொளஞ்சியப்பன் தன் கையால் செய்த வயரிங் அது. என் வயரிங்கில் கரண்டு போகாது என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னவர். நாளைக்குச் சின்னவர் முன்னால் அவர் சுவிட்சைப் போட்டு, அவர் வயரிங்கே அவர் அடுப்பைக் கவிழ்த்தால் அப்புறம் இந்த ஜென்மத்தில் அவர் கச்சிராயபாளையம் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? சுப்புராயன் கருகிய ஃபியூஸ் கட்டையை மடியில் கட்டிக்கொண்டு திருடன் போல அங்குமிங்கும் பார்த்தார்.

"வயரிங்கே இல்லாத எடமா பாத்துப் போயிட்டா?" என்றாள் தங்கமணி.

"வயரிங் இல்லாத எடம் எங்க இருக்குது?"

"மலைக்குப் போலாங்க. கரிநாளுக்கு எல்லாருந்தான் போறாங்க. அருவிகிட்ட ஒக்காந்து சுட்டுச் சாப்டுட்டு வரலாம்."

"மலையில கரண்டு அடுப்ப எதுல சொருவறது?"

"ஜெனரேட்டரு இல்லியா?"

இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது என்று சுப்புராயன் ஆச்சரியப்பட்டுப் போனார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் கவனிக்கவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. உடனே மைக் செட் கண்ணாயிரத்திடம் ஓடினார்.

கரிநாள் என்றால் ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி, பாட்டுக் கச்சேரி. கண்ணாயிரத்தின் ஜெனரேட்டர்கள் எல்லாம் வெளியூர் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒன்றையும், கூம்பு ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர், சீரியல் பல்பு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கட்டி வைத்திருந்தார். ஜெனரேட்டரை மட்டும் கொடுங்கள் என்று சுப்புராயன் கெஞ்சிப் பார்த்தார். கட்டின கயிற்றை அவிழ்க்க மாட்டேன், வந்தால் மொத்தமாக வரும், கூட நானும் வருவேன் என்றார் கண்ணாயிரம். கோழி சுடப் போகிற இடத்துக்கு எதற்கு மைக் என்று கேட்டதற்கு, மைக் இல்லாமல் என்ன நல்ல காரியம் என்று திருப்பிக் கேட்டார். சுப்புராயன் அட்வான்ஸை எடுத்து நீட்டினார்.

கரிநாள் விடிந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவர் கிழக்குப் பார்த்து நின்றார், ஒருவர் மேற்குப் பார்த்து நின்றார். அவரவர் அடுப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்து "ம்" என்றார்கள். மலைக்குப் போகிறோம் என்று சுப்புராயன் சொன்னதும் அதற்கும் ஒரு "ம்". பெண்கள் இரண்டு பேரும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே விசும்பல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு மாதிரியும் கேட்டது. அக்கா தங்கை ஒருத்தியை ஒருத்தி பார்த்து எவ்வளவு நாளாயிற்று, அழத்தான் அழுவார்கள் என்று சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கமணி மசாலா தடவிய கோழியை அண்டா அண்டாவாக வண்டியில் ஏற்றினாள். பாக்குமட்டைத் தட்டு கட்டுக் கட்டாக ஏறியது. ஒரு கல்யாணத்துக்கே போதும்.

"இத்தினி கோழி யாரு துன்றதுக்கு?"

"மாப்ளைங்க வந்த எடத்துல பத்தாம போச்சின்னா?" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தை சுப்புராயனுக்குப் போதும். ஈரல் மறந்த வீட்டுக்காரர் அவர். இன்னும் இரண்டு கோழியைச் சேர்த்துக்கொள் என்றுகூடச் சொன்னார்.

குட்டியானையில் முன்னால் கண்ணாயிரமும் பெரிய மாப்பிள்ளையும். பின்னால் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், இரண்டு அடுப்பு, ஒரு சிலிண்டர், அந்தச் சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி சின்ன மாப்பிள்ளை. பெண்களும் சுப்புராயனும் ஷேர் ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். கல்வராயன் மலை அடிவாரத்து செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். வனக்காவலர் எட்டிப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார், ஜெனரேட்டரைப் பார்த்தார், கூம்பு ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு சுப்புராயனைப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, மலைக்குப் போறீங்களா, மலையத் தூக்கினு வரப் போறீங்களா?"

காட்டுக்குள் நெருப்பு கூடாது, சத்தம் கூடாது, ஆட்கள் மட்டும் போகலாம் என்றார். சுப்புராயன் குடும்ப நிலவரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். திருநாவலூர் அக்கா வரைக்கும் சொன்னார். வனக்காவலருக்கும் மாப்பிள்ளை இருப்பார் போல, ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ரோட்டை மறித்திருந்த கம்பை மட்டும் தூக்கவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கொளஞ்சியப்பன் இறங்கி ஒரு புளியமரத்தடிக்குப் போய் நின்றார். தங்கதுரை இறங்கி வேறொரு புளியமரத்தடிக்குப் போனார். இதோ ஆளுக்கொரு பஸ் ஏறப்போகிறார்கள் என்று சுப்புராயன் இரண்டு மரத்துக்கும் நடுவே ஓடினார்.

"அணைக்கட்டுக்கே போயிடலாங்க" என்றாள் தங்கமணி. "பக்கத்துலதான இருக்குது."

வண்டியைத் திருப்பிக்கொண்டு கோமுகி அணைக்கு வந்தார்கள். அங்கே தாலுகாவே கூடியிருந்தது. புதுத்துணியும் கரும்புமாக ஜனம் தண்ணீரோரம் நெளிந்துகொண்டிருந்தது. வேப்பமரத்து நிழலில் அடுப்பு இரண்டையும் இறக்கியதும் கடைசிப் பிரச்சினை வந்தது. எதை முதலில் பற்றவைப்பது?

சுப்புராயன் கையைப் பிசைந்தார். கண்ணாயிரம் மைக்கை நீட்டினார். அப்போதுதான் மைக்கின் அருமை சுப்புராயனுக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக மைக் பிடித்தார்.

"பெரிய மாப்ள சுச்சுல கை வெச்சிக்கோங்க. சின்ன மாப்ள லைட்டரப் புடிச்சிக்கோங்க. நான் மூணு எண்ணுவேன். மூணுன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா பத்த வெக்கணும். முன்ன பின்ன ஆவக் கூடாது."

கூம்பு ஸ்பீக்கர் வழியாக இது அணைக்கட்டு முழுக்கக் கேட்டது. தண்ணீரில் கால் நனைத்தவர்கள், ராட்டினம் சுற்றியவர்கள், பரிசலுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னவோ போட்டி நடக்கிறது என்று ஓடி வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றார் சுப்புராயன். இங்கே கம்பி சிவந்தது, அங்கே நீலமாகத் தீ எழுந்தது. ஜனம் கை தட்டியது.

கோழி வேக ஆரம்பித்தது. மிளகாயும் பூண்டும் கொழுப்பும் கலந்த அந்த வாசனை கிளம்பியதுதான் தாமதம், கூட்டம் இன்னும் நெருங்கியது. முன்னால் நின்ற ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பிளேட்டு எவ்ளோங்க?" என்றார்.

இது கடையில்லை, குடும்ப விருந்து என்று சொல்ல சுப்புராயன் வாயைத் திறந்தார். அதற்குள் கொளஞ்சியப்பன் ஒரு விலை சொன்னார். சொன்ன வேகத்தில் தங்கதுரை தட்டை எடுத்து நீட்டினார். சுப்புராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைகளைத் தடுப்பதா, தடுத்தால் கோபித்துக்கொள்வார்களா என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது.

"சகல, அந்தக் கம்பிய ரவ திருப்பு, கருவிடப் போவுது."

கொளஞ்சியப்பன் சொன்னார். தங்கதுரை திருப்பினார். தீபாவளிக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற முதல் வார்த்தை. சகலை என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டார். சுப்புராயன் தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கோழி போனால் போகட்டும், அண்டாவே போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. கரண்டுக் கோழிக்கு ஒரு வரிசை, கேஸ் கோழிக்கு ஒரு வரிசை. கரண்டுதான் பஞ்சு மாதிரி வேகுது என்று ஒரு கட்சி, கேஸில்தான் ஓரம் மொறுமொறு என்று இன்னொரு கட்சி. இந்த வரிசையில் தின்றவர் சந்தேகம் தீர அந்த வரிசையில் போய் நின்றார். ஆண்டாள் தட்டு எடுத்துக் கொடுக்க, செவ்வந்தி வெங்காயம் நறுக்க, தங்கமணி காசு வாங்கிச் சுருக்குப் பையில் போட, கண்ணாயிரம் மைக்கில் விளம்பரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தர் நெற்றி வியர்வையை ஒருத்தர் துடைத்துவிட்டு, என்னவோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுப்புராயனுக்கு யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. அவர் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு, போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

வெயில் சாய்வதற்குள் அண்டா எல்லாம் காலி. குடும்பத்துக்கு ஒரு இறக்கைகூட மிஞ்சவில்லை. ஆட்டோவில் தூக்குப்பாத்திரத்தில் இருந்த தயிர்சோற்றையும் ஊறுகாயையும் எடுத்து, தட்டு போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்டாளும் செவ்வந்தியும் பக்கத்தில் பக்கத்தில். தங்கதுரை தன் தட்டிலிருந்த மாங்காய்த் துண்டை எடுத்து சகலை தட்டில் வைத்தார். கரிநாள் அன்று கறியில்லாமல் ஒரு குடும்பம் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதை அந்த அணைக்கட்டு அதுவரை பார்த்திருக்காது.

சுப்புராயன் தங்கமணி பக்கம் குனிந்தார். குரலில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? எங்கப்பனால முடியாதத நான் செஞ்சிட்டேன். ரெண்டு மாப்ளைங்களையும் ஒண்ணா சேத்து வெச்சிட்டேன்."

"நீங்க இல்லாம நடக்குமாங்க" என்றாள் தங்கமணி, தட்டைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து, அணைக்கட்டு ரோட்டோரம் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற ஜெயம்மாள், கையில் ஒரு சாவியை ஆட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். தங்கமணி அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். புருவத்தைக் காட்டினாள். கடைசியில் தலையையே ஆட்டிக் காட்டினாள். ஜெயம்மாள் எதையும் கவனிக்கவில்லை. சாவியைத் தங்கமணியின் மடியில் போட்டுவிட்டு வாய் நிறையச் சிரித்தாள்.

"இந்தாக்கா கடை சாவி, ரெண்டு அடுப்புக்கும் எடம் பண்ணி வெச்சிட்டேன், ஆனா ஒண்ணு, 'கடை வெக்கக் காசு கேட்டா எங்க வூட்டுக்காரு கை நீளாது, மாப்ளைங்க ரெண்டு பேரும் மொறைச்சிக்கினா ஓடி ஓடி வாங்கித் தருவாரு'ன்னு பொரட்டாசி மாசம் நீயும் மாப்ளைங்களும் என் வூட்ல ஒக்காந்து சொன்னப்ப, நான் சத்தியமா நம்பலக்கா."